ஓடையை மூடியதற்கு என் படத்தோடு ஒரு நன்றி

1

ஒரு நாள் காலையில் கதவு இடுக்கு வழியாக ஒரு தாள் வந்து விழுந்தது. எங்கள் பகுதிக் கவுன்சிலர்கள் சேர்ந்து போடும் செய்தித்தாள். இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊருக்கு வந்த நாளிலிருந்து அவ்வப்போது வந்து விழுவதுதான். மற்ற நாட்களில் நேராகக் குப்பைக்குப் போய்விடும். நான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன், என் மனைவி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் இதையெல்லாம் படிக்க எங்கே நேரம்?

அன்றைக்கு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல் ஏறியது. கால்பந்து மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் வயலில் புது வீடுகள் கட்டப்போகிறார்கள். வரைபடம் போட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், தேங்கிய தண்ணீர் எப்படி வடியும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். வயலோரத்துக் குட்டையில் ஏதோ ஒரு வகைத் தவளை இருக்கிறதாம். அது முட்டையிட்டு முடிக்கும்வரை அந்தப் பக்கம் மண்வெட்டி படாதாம். ஆட்சேபணை உள்ளவர்கள் வியாழக்கிழமை சர்ச் மண்டபத்துக்கு வந்து பேசலாம், டீயும் பிஸ்கட்டும் உண்டாம்.

எனக்குத் தவளை மேல் ஒரு கோபமும் இல்லை. அது குழந்தை குட்டியோடு நன்றாக இருக்கட்டும். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் மதுரை வில்லாபுரத்தில் என் அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து விடிய விடிய மழை எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஒரு தவளையாகக்கூட எவனும் மதிக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் நிதானமாக இருக்கிற நாளில் எழுதிக்கொள்ளட்டும்.

2

வில்லாபுரம் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ஓடை உண்டு. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் அவனியாபுரத்துப் பக்கம் போகும். அழகான ஓடை என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி நாள் சாக்கடை, மீதி நாள் கருவேல முள். பன்றி புரளும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்டுவோம். ஆனால் எத்தனை மழை பெய்தாலும் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றதில்லை. தெருவை விட எங்கள் வீடு உயரம். அப்போதெல்லாம் மூன்று படி ஏறித்தான் உள்ளே போவோம்.

அந்த வீட்டில்தான் இப்போது அக்கா இருக்கிறாள். பெயர் ராணி. முன் அறையில் கிரைண்டர்களைப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார்.

போன வருஷம் ஓடைக்கு மேல்பக்கத்து மானாவாரிக் காட்டில் ஒருவர் பிளாட் போட்டார். போட்டவர் தன் அம்மா பெயரில் அதற்கு ஒரு நகர் என்று பெயரும் வைத்தார். பிளாட் விற்க வேண்டுமானால் கார் போகிற அகலத்தில் ரோடு வேண்டும். அகலத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? ஓடையில் இருக்கிறது. இடித்த வீட்டுக் கழிவையும் செம்மண்ணையும் லாரி லாரியாகக் கொட்டி, அடியில் ஒப்புக்கு இரண்டு சிமென்ட் குழாயை உருட்டிவிட்டு, மேலே தார் போட்டார்கள். பாதி ஓடை போயே போய்விட்டது. ரோடு உயர்ந்ததும் எங்கள் தெருவையும் அதற்குச் சமமாகத் தூக்கினார்கள். இப்போது அக்கா வீட்டுக்குப் படி ஏற வேண்டாம், ஒரு படி இறங்க வேண்டும்.

இதைத் தெருக்காரர்கள் கொண்டாடினார்கள். உண்மையாகவே கொண்டாடினார்கள். தார் ரோடு வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக மனுக் கொடுத்துச் சலித்துப் போயிருந்தவர்கள். ரோட்டைக் கண்டதும் கண் தெரியவில்லை. கவுன்சிலருக்கு நன்றி சொல்லித் தெரு முனையில் ஒரு பிளக்ஸ் வைத்தார்கள். நம் ஊரில் பிளக்ஸ் வைக்காமல் ஒரு காரியம் முடிந்ததாகக் கணக்கில்லையே. 'எங்கள் கோரிக்கையை ஏற்று சாலை தந்த வார்டின் விடிவெள்ளியே! நன்றி! நன்றி!' என்று பெரிதாகப் போட்டு, கீழே தெருக்காரர்கள் முகமெல்லாம் முட்டை வடிவத்தில் வரிசையாக.

அந்த வரிசையின் நடுவில் நான் இருந்தேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. என் கல்யாணப் படத்திலிருந்து மாலையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்திருந்தார்கள். கீழே 'லண்டன் தொழிலதிபர்' என்று வேறு. நான் இருப்பது லண்டனும் இல்லை, நான் தொழிலதிபரும் இல்லை. பிறத்தியார் ரத்தத்தைக் குழாயில் ஊற்றிச் சுற்றவிடுகிற ஆள். வெளிநாட்டில் ஒருத்தன் இருக்கிறான் என்றால் தெருவுக்கு ஒரு கெத்து என்று மாமாதான் படத்தைக் கொடுத்திருக்கிறார். வாட்ஸப்பில் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நானும் சிரித்தேன். ரோடு எதன் மேல் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

3

இந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மறுகால் தண்ணீர் வந்து பார்த்திருக்கிறது, வழக்கமான வழியில் ரோடு நிற்கிறது. குழாய் இரண்டிலும் முதல் நாளே குப்பை அடைத்துவிட்டது. தண்ணீர் என்ன செய்யும்? தெருவுக்குள் வந்தது. தெருவிலிருந்து ஒரு படி இறங்கி அக்கா வீட்டுக்குள் வந்தது.

கிரைண்டர் மோட்டார் எல்லாம் முங்கிவிட்டன. ஊறவைத்த அரிசிக்குள் சாக்கடைத் தண்ணீர். வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் வடிந்த பிறகு அக்கா வீடியோவில் சுவரைக் காட்டினாள். ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது.

"மோட்டார வெயில்ல காய வச்சிருக்கேன்டா. ஓடுனா ஓடும். வீட்டத்தான் காய வைக்க முடியல" என்றாள்.

அவள் நேராகக் கவுன்சிலர் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. கவுன்சிலர் ஒரு அம்மாள். ஆனால் கவுன்சிலர் யார் என்று தெருவில் கேட்டால் சின்னப்பிள்ளைகூட அவர் புருஷனைத்தான் காட்டும். வாட்ஸப் குழுவில் 'வார்டு மக்களுக்கு வணக்கம்' என்று பேசி அனுப்புவது அவர். குடிதண்ணீர் என்றைக்கு வரும், எந்தத் தெருவில் விளக்கு போட்டார்கள், எந்த நகரில் பூமி பூஜை என்று செய்தி சொல்வது அவர். வார்டுக் கூட்டத்தில் மைக் பிடிப்பவரும் அவர்தான். அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியில் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அக்கா அந்த அம்மாளைப் பார்த்து, நீங்களும் அடுப்படியில் நிற்கிறவர்தானே, வந்து ஒரு தடவை என் வீட்டுக்குள் நின்று பாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் வாயைத் திறக்கப் போனாராம். திறந்துவிட்டு, புருஷனைப் பார்த்தாராம். புருஷன்தான் பதில் சொல்லியிருக்கிறார். மழை என்றால் தண்ணீர் வரத்தான் செய்யும் அக்கா, ஊர் முழுக்க வந்திருக்கிறது, இரண்டாம் பாகம் வேலை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று.

இரண்டாம் பாகம் என்றால் என்ன தெரியுமா? மிச்சம் இருக்கிற பாதி ஓடையையும் மூடுவது. அதுவும் போனால் அடுத்த மழைக்கு அக்கா அந்த வீட்டில் இருக்க முடியாது. வாடகைக்கு வேறு வீடு பார்த்துப் போகலாம் என்று நான் சொன்னேன்.

"நான் எதுக்குடா போகணும்? பின்னாடி வந்தவன் ரோட்டுல இருக்கான், முன்னாடியே இருந்தவ வெளிய போகணுமா?" என்றாள்.



4

சரி, முறைப்படி கேட்போம் என்று ஆன்லைனில் புகார் கொடுக்க உட்கார்ந்தேன். இந்தியக் கைபேசி எண் கேட்டது. என்னிடம் இல்லை. மாமாவின் எண்ணைப் போட்டேன். ஓடிபி அவருக்குப் போகும், அவர் சவாரியில் இருப்பார், திரும்பக் கூப்பிடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் அவர் ஆட்டோவை ஓரம் கட்டி எண்ணைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தயங்கினார்.

"மாப்ள, விட்டுரலாமே. ஆட்டோ ஸ்டாண்டே கவுன்சிலர் வீட்டுக்காரரு கையில இருக்கு. நாளைக்கு என்னைய வரிசையில நிக்க விடலைன்னா நான் எங்கிட்டுப் போறது?"

அவர் பயம் நியாயமான பயம். ஆனால் நான் விடவில்லை. ஓடை, குழாய், ரோடு, அக்கா வீட்டுச் சுவர் எல்லாவற்றுக்கும் படம் சேர்த்து, கோபத்தை எல்லாம் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு, 'மேன்மை தங்கிய' என்று ஆரம்பித்து அனுப்பினேன்.

சில நாளில் பதில் வந்தது. புகார் முடித்துவைக்கப்பட்டது. 'மேற்படி பணி பொதுமக்களின் கோரிக்கையின் பேரில் மேற்கொள்ளப்பட்டு நிறைவு பெற்றது. பொதுமக்கள் நன்றி தெரிவித்துள்ளனர்.' ஆதாரத்துக்கு ஒரு படம் இணைத்திருந்தார்கள்.

திறந்து பார்த்தேன். அதே பிளக்ஸ். விடிவெள்ளியே, நன்றி, நன்றி. நடுவில் மாலை இல்லாத கல்யாண மாப்பிள்ளையாக நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் புகாருக்கு என் முகத்தையே பதிலாக அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேன். இதற்கு மேல் இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? பிளக்ஸ் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடும்.

5

வியாழக்கிழமை சர்ச் மண்டபத்துக்குப் போனேன். ஒரு கவுன்சிலரின் முகத்தையாவது நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது. என் மகள் நிலாவும் வருகிறேன் என்றாள். காலேஜுக்குப் போகக் காத்திருக்கும் வயசு. வீட்டில் நான் தமிழில் கேட்பதற்கு அவள் இங்கிலீஷில் பதில் சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. வயலைக் காப்பாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்கித் திரிகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

கவுன்சிலர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் பெண், அவரே பேசினார். அதைப் பார்க்கவே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கை தூக்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒருவர் எழுந்து, புது வீடுகள் வந்தால் இந்தப் பகுதியின் குணம் மாறிவிடும் என்றார். குணம் என்று சொல்லும்போது அவர் கண் என் பக்கம் வந்துவிட்டுப் போனது. எங்கள் வரிசை வீடுகளைக் கட்டியபோதும் இதே மண்டபத்தில் இதே குணத்தைப் பற்றித்தான் பேசினார்களாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்து நிலா எழுந்தாள். தவளை, மரம், காற்று என்று அழகாகத்தான் பேசினாள். குணத்தைப் பற்றிப் பேசியவர்தான் எல்லோரையும் விட பலமாகக் கை தட்டினார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

கை தூக்கினேன். எழுந்ததும் கோபத்தில் இங்கிலீஷ் பாதி ஓடிப்போனது. நான் இருக்கிற வீடும் ஒரு காலத்தில் வயல்தான், வருகிறவனுக்கு வீடு வேண்டும், வீடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன் என்றேன். தண்ணீருக்கு வழியை விட்டுவிட்டுக் கட்டுங்கள், அந்த வழியை அடைத்தால் அது யார் வீட்டுக்குள்ளாவது போகும், எனக்குத் தெரியும் என்றேன். அந்தப் பெண் கவுன்சிலர் எழுதிக்கொண்டார். எந்த இடத்தில் அடைபடும் என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டு நன்றி என்றார்.

இவ்வளவுதான். ஒரு மனுஷன் எழுந்து சொன்னான், இன்னொரு மனுஷி கேட்டாள். அவர்கள் சொன்னபடி செய்வார்களா மாட்டார்களா, அது வேறு கதை. செய்யாமலும் போகலாம். ஆனால் என் அக்காவுக்கு இதுகூடக் கிடைக்கவில்லையே என்று நினைத்தபோது கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது நிலா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அவளை எதிர்த்துப் பேசிவிட்டேன் என்று கோபம் போல என்று நினைத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"யார் வீட்டுக்குள்ள தண்ணி போச்சுப்பா?" என்று கேட்டாள். தமிழில்.

"அத்தை வீட்டுக்கு."

"எனக்கு ஏன் தெரியாது?"

"நீ கேக்கல."

"நீங்க சொல்லல" என்றாள்.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்ஸையும் புகாருக்கு வந்த பதிலையும் போனில் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. இதை அவர்கள் எப்படிச் செய்யலாம், இது உங்கள் முகம் என்று இங்கிலீஷில் கத்தினாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

6

மறுநாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். மிச்ச ஓடையையும் அளந்து கல் ஊன்றிவிட்டார்கள். கடைசிக் கல் அக்கா வீட்டுக் குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. அழுவாள் என்று பயந்தேன். அவள் குரலில் அழுகை இல்லை.

"டேய் தம்பி, போஸ்டர் அடிக்கப் போறோம்."

"என்ன போஸ்டர்?"

"கண்ணீர் அஞ்சலி. ஓடைக்கு."

மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஒருவர் செத்தால் வீட்டில் அழுது முடிப்பதற்குள் சுவரில் போஸ்டர் வந்துவிடும். ஓடை நிறையத் தண்ணீர் போகிற பழைய படம் ஒன்று யாரிடமோ இருந்திருக்கிறது. அதற்கு மாலை போட்டு நடுவில் வைக்கிறார்கள். 'மழைதோறும் எங்கள் வீடுகளைக் காத்த நீ மண் லாரிகளால் மறைந்தாய். மீதி உடலையாவது விட்டுவைக்க வேண்டுகிறோம்.' கீழே, தண்ணீரில் தவிக்கும் உற்றார் உறவினர் என்று முகங்கள். நன்றி பிளக்ஸில் இருந்த அதே முகங்கள். ரோட்டுக்காகக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டதே, வேறு என்ன செய்வார்கள்?

"இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் போடணும்னு சொல்லிட்டேன். ஒன் போட்டாவ அனுப்புறியா?" என்றாள் அக்கா.

மாமாவுக்கு ஸ்டாண்டில் தொந்தரவு வராதா என்று கேட்டேன்.

"அவருதான்டா கேக்கச் சொன்னாரு. இம்புட்டு நாளு பயந்து என்னத்தக் கண்டோம், அவரு மூஞ்சிதான் மொத வரிசையாம்."

நிலா என்னைச் சுவர் ஓரமாக நிறுத்திப் படம் எடுத்தாள். "சிரிக்காதீங்கப்பா" என்றாள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. லண்டன் தொழிலதிபர் என்று போடக்கூடாது, பெயரை மட்டும் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

விடிந்தபோது போஸ்டர் வில்லாபுரம் முழுக்க இருந்தது. கவுன்சிலர் ஆபீசுக்கு எதிர்ச் சுவரிலும், ஆட்டோ ஸ்டாண்டிலும், அந்தப் புது நகரின் அலங்கார வளைவின் இரண்டு தூணிலும். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள் என்று அக்கா வீடியோ அனுப்பினாள். மாமாவின் ஆட்டோவை அன்றைக்கு வரிசையில் நிற்க விடவில்லை. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் போஸ்டருக்குக் கீழேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். மற்ற ஆட்டோக்காரர்களில் பாதிப் பேர் அவர் பின்னால் வந்து நின்றிருக்கிறார்கள்.

எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கவுன்சிலரின் புருஷன். குரலில் அம்புட்டுப் பாசம். அண்ணே நல்லா இருக்கீங்களா, குளிரெல்லாம் எப்படி, பாப்பா என்ன படிக்கிறது என்று விசாரித்தார். நான் எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க வெளிநாட்டுல கௌரவமா இருக்குற ஆளு. இங்க ஒரு அசிங்கமான போஸ்டர் ஒட்டியிருக்காய்ங்க, அதுல ஒங்களுக்கே தெரியாம ஒங்க போட்டாவப் போட்டுருக்காய்ங்கண்ணே. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, இப்பவே ஆள விட்டு எல்லாத்தையும் கிழிச்சிருவேன்."

"தெரியாமப் போட்டது போன தடவ தம்பி" என்றேன். "இந்தத் தடவ நான் அனுப்புனது."

போனை அவர்தான் முதலில் வைத்தார்.